பழைய டர்போ காரின் வேக்குவம் ஹோஸ்களை மாற்றுவது: நீலகிரி உயரத்தில் செய்யும் முறை

பழைய டர்போ பெட்ரோல் காரில் ஐடில் ஏறி இறங்குகிறதா? பர்லியாறு தாண்டி மேடேறும்போது இழுவை விட்டு விட்டு வருகிறதா? டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பானட்டைத் திறந்து, பென்சில் தடிமனில் ஓடும் கறுப்பு ஹோஸ்களைப் பாருங்கள். 15, 20 வருடமான காரில் இவற்றில் நான்கைந்தாவது வெடித்திருக்கும். வெப்பம் ரப்பரைக் கல்லாக்குகிறது, என்ஜின் எண்ணெய் ஆவி அதை உள்ளிருந்து ஊறவைக்கிறது. நிப்பிளில் மாட்டியிருக்கும் நுனிதான் எப்போதும் முதலில் கீறும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்திருப்பது 2000-களின் நடுவில் நம் ஊரில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், 20 வால்வு, 150 குதிரைத்திறன் டர்போ என்ஜின். அதே காலத்து ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களிலும் இதே குடும்ப என்ஜின் உண்டு. உங்கள் கார் ஜப்பானியத் தயாரிப்பு என்றால் ஹோஸ் போகும் வழி மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

உயரத்தை முதலில் கணக்கில் எடுங்கள்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியில், வேக்குவம் கேஜ் மாட்டிப் பார்த்தால் சமவெளியில் நல்ல என்ஜின் ஐடிலில் 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அதே என்ஜின் குன்னூரில் 12 முதல் 15, ஊட்டியில் 11 முதல் 14 காட்டினால் அதில் கோளாறு ஏதுமில்லை. புத்தகத்தில் 18 என்று போட்டிருக்கிறதே என்று, நல்ல ஹோஸ்களைக் கழற்றி வீணாக்குபவர்கள் இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள்தான். கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப்பும் அப்படியே. எவ்வளவு நல்ல பம்ப் ஆனாலும் ஊட்டியில் 22 அங்குலத்தைத் தாண்டி முள் நகராது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சமவெளியில் சிறு கசிவு இருந்தாலும் மீதி வேக்குவம் தாங்கிக்கொள்ளும். மலையில் அந்த மிச்சம் கிடையாது. வேக்குவத்தைக் கொண்டு பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசமே மூன்றில் ஒரு பங்கு குறைந்துதான் இருக்கிறது. அதனால்தான் வெடித்ததை மட்டும் மாற்றி மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற வழக்கம் இங்கே சரிப்படாது. ஒரே வயதுடைய ஹோஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். மொத்தமாக மாற்றுங்கள்.

எது எங்கே போகிறது

பிரேக் பூஸ்டர் லைன். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய். நடுவே ஒரு வழி வால்வு இருக்கும். காற்று பூஸ்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு மட்டுமே போக வேண்டும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் உண்டாகும். அது பூஸ்டருக்குள் புகாமல் தடுப்பது இந்த வால்வுதான்.

வேஸ்ட்கேட் லைன்கள். வேஸ்ட்கேட் என்பது டர்போவைச் சுழற்றும் எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு பூஸ்டை அடக்கும் கதவு. இந்த லைன்கள் என்75 என்ற மூன்று வாய் வால்வைச் சுற்றி இருப்பவை. ஒன்று டர்போவின் அழுத்தப் பக்கத்திலிருந்து வரும், ஒன்று வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும், மூன்றாவது டர்போவுக்குக் காற்று உள்ளே போகும் தடித்த குழாயில் திரும்பும். முதல் இரண்டில் எது கழன்றாலும் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுமீறி ஏறும், கம்ப்யூட்டர் என்ஜினைச் சட்டென்று அடக்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் முந்திக்கொண்டிருக்கும்போது இப்படி நடப்பது ஆபத்து. மூன்றாவது அடைத்தால் எதிர்மாறாக பூஸ்ட் போதிய அளவுக்கு ஏறாது.

டைவர்ட்டர் வால்வு லைன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போவில் தேங்கும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வுக்கு, என்249 என்ற மின் வால்வு வழியாக இது போகிறது. கூடவே இன்டேக் மேனிஃபோல்டின் கீழே ஒளிந்திருக்கும் கறுப்பு வேக்குவம் டப்பாவும் ஒரு வழி வால்வும் உண்டு. இந்த லைன் கிழிந்தால் காலை எடுக்கும்போது படபடவென்று சத்தம் வரும். பூஸ்டிலும் வால்வு சரியாக மூடாமல் காற்றை விடும். என்249-ஐத் தூக்கிவிட்டு நேராக ஒரே ஹோஸ் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. போட்டால் ஓடும்தான். ஆனால் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு காலை எடுத்து அழுத்துகிறோம், அந்த வால்வு ஓயாமல் வேலை செய்கிறது. கம்பெனி அமைப்பையே வைத்துக்கொள்வது நல்லது.

மீதமிருப்பவை ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சிறு ஹோஸ், பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் என்80 வால்வு லைன், கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) ஆவிக் குழாய்கள். கடைசியாகச் சொன்னவை தனிப் பாடு, கீழே வருகிறது.

வாங்க வேண்டியவை

மேலே நூல் பின்னிய ரப்பர் ஹோஸ், உள் அளவு 3.5 மி.மீ.: 4 மீட்டர். சிலிக்கான் போடுவதானால் உள் அளவு 4 மி.மீ., சுவர் தடிமன் 2.5 மி.மீ.க்குக் குறையாமல்.
6 மி.மீ. ஹோஸ்: 1 மீட்டர்.
பிரேக் பூஸ்டருக்கு, பூஸ்டருக்கென்றே தயாரித்த வேக்குவம் ஹோஸ், ஒரு வழி வால்வுடன்.
சிறு ஒரு வழி வால்வு 2, டீ துண்டு (ஆங்கில T வடிவ இணைப்பு) 3.
ஸ்பிரிங் கிளிப் அல்லது காதுக் கிளிப், 10 முதல் 15 வரை.
கிராங்க்கேஸ் ஆவிக் குழாய்கள், வார்ப்பு வடிவத்திலேயே, ஒரு செட்.

மெல்லிய சுவர் சிலிக்கானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேக்குவத்தில் அது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், பூஸ்டில் உப்பும். வாங்குமுன் ஒரு துண்டை விரலுக்கிடையில் நசுக்கி, யு வடிவில் வளைத்துப் பாருங்கள். மடிந்து தட்டையானால் வைத்துவிட்டு வாருங்கள். மீன் தொட்டிக் குழாய், சலைன் டியூப் இரண்டும் அவசரத்துக்கு மாட்டப்பட்டு அப்படியே வருடக்கணக்கில் விடப்படுவதை நிறையக் கார்களில் காணலாம். என்ஜின் சூட்டில் இவை இளகி, குளிர்ந்ததும் விறைத்து, நிப்பிளிலிருந்து நழுவும்.

சாதாரண சிலிக்கான் பெட்ரோல் ஆவிக்கும் எண்ணெய் ஆவிக்கும் தாங்காது, ஊறி உப்பிவிடும். ஆகவே என்80 லைனிலும் கிராங்க்கேஸ் குழாயிலும் அதைப் போடக் கூடாது. அங்கே எண்ணெயும் பெட்ரோலும் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். ரெகுலேட்டர் லைனுக்கும் அதையே போடுவது புத்திசாலித்தனம். பெரும்பாலும் இவை கோவையிலிருந்துதான் வர வேண்டியிருக்கும் என்பதால், வேலையை ஆரம்பிக்குமுன் எல்லாமே கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாதி கழற்றிய காரை மலையில் நிறுத்திவைத்துவிட்டு ஒரு டீ துண்டுக்காகக் காத்திருக்க நேரும்.

கசிவை உறுதிசெய்வது

ஸ்கேனர் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஐடிலில் கலவை மெலிவு (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) என்றால் பி1136, ஓட்டத்தில் மெலிவு என்றால் பி1128, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் விழுகிறது என்றால் பி1297 என்று பிழைக் கோடு (code) விழும். கோடு எதுவும் இல்லாவிட்டாலும் ஸ்கேனரில் அளவுத் தொகுதி 032-ஐத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்தம் அதில் தெரியும். முதல் கட்டம் ஐடில் திருத்தம், இரண்டாவது கட்டம் ஓட்டத் திருத்தம். ஐடில் மட்டும் பிளஸ் 10 சதவீதத்தை நெருங்கி, ஓட்டத் திருத்தம் சுழிக்குப் பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய நிச்சயம் வேக்குவம் கசிவு. இரண்டுமே பிளஸில் ஏறியிருந்தால் ஏர்ஃப்ளோ சென்சாரையோ பெட்ரோல் அழுத்தத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

மலையில் கேஜைவிட இந்த எண்ணை நம்பலாம். உள்ளே வரும் காற்றின் எடையையே சென்சார் அளக்கிறது, உயரம் ஏறினாலும் இறங்கினாலும் திருத்தம் அதனால் நகராது. சென்சாரைத் தாண்டி, அளக்கப்படாமல் நுழையும் காற்றுதான் இந்த எண்ணைத் தூக்கும். அதே ஓட்டை பூஸ்டில் எதிராக வேலை செய்யும்: அளந்த காற்று வெளியே போய்விடும், கலவை தடிக்கும், பின்னால் கறுப்புப் புகை வரும். ஐடிலில் மெலிவு, மேட்டில் கறுப்புப் புகை என்ற ஜோடியைப் பார்த்தால் ஓட்டை மேனிஃபோல்டை ஒட்டித்தான் இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த என்ஜினில் டர்போவும் எக்ஸாஸ்ட்டும் தீச்சுவர்ப் பக்கம் செக்கச்சிவந்து கிடக்கும், தீப்பிடிக்க ஒரு நொடி போதும். சிறு தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, காயில்களிலும் கனெக்டர்களிலும் படாமல், ஹோஸ் நுனிகளில் மட்டும் தெளியுங்கள். ஓட்டை நொடிப்பொழுது அடைபட்டு ஐடில் மாறும். அதைவிடச் சிறந்தது புகைச் சோதனை, மிகக் குறைந்த அழுத்தத்தில். பூஸ்ட் பக்கத்துக்கு டர்போ வாயில் மூடி போட்டு சைக்கிள் பம்ப்பால் காற்றேற்றி சோப்புத் தண்ணீர் தடவலாம். 0.5 பாரைத் தாண்டாதீர்கள், கிராங்க்கேஸ் குழாயை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காற்று என்ஜினுக்குள் புகுந்து ஆயில் சீலைத் தள்ளும்.

கழற்றி மாட்டுவது

நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும் காலையில் இந்த வேலையைத் தொடக் கூடாது. அந்தக் குளிரில் 20 வருடப் பிளாஸ்டிக் நிப்பிள் உலர்ந்த சுள்ளிபோல ஒடியும். வெயில் ஏறியபின், என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓட்டி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதத்தில் கை வையுங்கள். முழுச் சூட்டிலும் வேண்டாம்.

நாலா பக்கமிருந்தும் படம் எடுங்கள். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒவ்வொரு ஹோஸின் இரு நுனியிலும், அது மாட்டியிருந்த நிப்பிளிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். பிறகு ஒன்றைக் கழற்றி, அதை மாற்றி முடித்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிக் குவித்தால் என்75-ன் மூன்று வாய்களில் எது எதற்கு என்று தடுமாறுவீர்கள். மாற்றி மாட்டினால் கார் ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் சரியாக இருக்கும், பூஸ்ட் வந்ததும்தான் தவறு தெரியும்.

பழைய ஹோஸைக் கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கி இழுக்கக் கூடாது. நுனியில் 2 செ.மீ. அளவுக்குப் பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை உரிப்பதுபோல உரித்தெடுங்கள். பிளேடு நிப்பிளில் படாமல் ரப்பரின் முக்கால் ஆழம் மட்டும் வெட்டினால் போதும், மீதி தானாகப் பிளக்கும். நிப்பிளில் விழும் கீறலே புதிய கசிவாகும். ஒட்டிக்கிடக்கும் ரப்பர் துகளை நகத்தாலும் துணியாலும் எடுங்கள், உப்புத்தாள் வேண்டாம்.

புதிய துண்டைப் பழையதைவிட 1 செ.மீ. நீளமாகவே வெட்டுங்கள். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போதெல்லாம் என்ஜின் மவுன்ட்டில் ஆடும், விறைப்பாக மாட்டிய ஹோஸ் அந்த ஆட்டத்தில் கழன்றுவிடும். வெட்டு நேராக இருக்கப் புதிய பிளேடு எடுங்கள், கத்தரிக்கோல் நுனியை நசுக்கும். மாட்டுமுன் நிப்பிளில் ஒரு துளி சோப்புத் தண்ணீர். எண்ணெய், கிரீஸ் தடவினால் எளிதாக ஏறும், அதே எளிதில் பூஸ்டில் கழலும். நிப்பிளின் மேட்டைத் தாண்டி 15 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும்.

அழுத்தம் வரும் லைன் எல்லாவற்றுக்கும் கிளிப் கட்டாயம்: வேஸ்ட்கேட், டைவர்ட்டர், பூஸ்டர் லைனின் மேனிஃபோல்டு முனை. திருகிப் பூட்டும் கிளிப் சிலிக்கானைத் தின்றுவிடும், ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். கூர்மையாக மடியும் இடம் வந்தால் ஹோஸை வற்புறுத்தாமல் எல்போ துண்டு சேர்க்கலாம். டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியே ஓட்டுங்கள், வழியில்லாத இடத்தில் வெப்ப உறை மாட்டுங்கள்.

ஒவ்வொரு ஹோஸைக் கழற்றும்போதும் அது போய்ச் சேரும் பாகத்தையும் சோதித்துவிடுங்கள், கை பம்ப் பக்கத்திலேயே இருக்கும். டைவர்ட்டர் வால்வின் மேல் நிப்பிளில் 12 அங்குலம் இழுத்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கழற்றிய வால்வாக இருந்தால் உள்தட்டை விரலால் அழுத்தி நிப்பிளை மூடுங்கள், தட்டு அப்படியே நின்றால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) நல்லது. நிற்காவிட்டால் போஷ் 710 என் வால்வு இந்த என்ஜினுக்கு வழக்கமாகப் போடும் மாற்று. ரெகுலேட்டர் ஹோஸின் உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ஹோஸை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு வேக்குவம் இல்லை, அழுத்தம்: 0.3 முதல் 0.5 பாருக்குள் கம்பி நகர ஆரம்பிக்க வேண்டும். ஒரு வழி வால்வுகளை வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் போகும், மறு பக்கம் துளியும் போகாது. திசையைத் திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கிராங்க்கேஸ் ஆவிக் குழாய்கள்

ஆயில் ஃபில்டர் மாட்டியிருக்கும் கூட்டிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் ஓடும் குழாய்கள்தான் இந்த என்ஜினில் மிக மோசமாகப் போகிறவை. எட்டாத இடம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. எண்ணெயில் ஊறி, தொட்டால் மாவாகப் பிசுபிசுக்கும் அளவுக்கு வந்திருக்கும். நீலகிரியில் இன்னொரு சங்கடம்: வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று குறுகிய தூரமே ஓடும் கார் முழுச் சூடாவதில்லை. கிராங்க்கேஸ் ஈரம் வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து மஞ்சள் வெண்ணெய் மாதிரி குழாயில் படியும். ஆயில் மூடியின் உள்பக்கம் அது தெரிந்தால் குழாய்களிலும் இருக்கும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற பயத்துக்கு முன், கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவற்றைத் துண்டு ஹோஸாலும் கிளிப்பாலும் ஒட்டுப்போடாதீர்கள், அதே வடிவில் வார்த்த செட் போடுங்கள். இடுக்கில் நேர் ஹோஸ் மடிந்து அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி, வால்வ் கவர் கேஸ்கெட்டும் சீல்களும் ஒழுகும். இங்குள்ள ஒரு வழி வால்வையும் புதிதாகப் போடுங்கள். பழையது பிசினடைத்துத் திறந்தே நின்றால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போகும்.

பிரேக், பிறகு சாலை

எல்லாம் மாட்டியபின் முதல் சோதனை பிரேக்குக்கு, வாசலில் நிறுத்தியபடியே. என்ஜின் ஆஃப். பெடலை ஐந்து முறை அழுத்தி விறைக்கவிடுங்கள். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை. ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, 10 நிமிடம் கழித்து அழுத்துங்கள். முதல் அழுத்தம் மெத்தென்று இருந்தால் ஒரு வழி வால்வு வேக்குவத்தைப் பிடித்து வைக்கிறது. விறைத்திருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது, அந்தக் காரைக் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ மேட்டுப்பாளையம் இறக்கத்திலோ இறக்கக் கூடாது.

இறக்கத்தில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் மேனிஃபோல்டில் வேக்குவம் மிக நன்றாக இருக்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்ற பழைய விதி பிரேக் சூட்டுக்கு மட்டுமல்ல, பூஸ்டருக்கும் நல்லது. என்ஜினை அணைத்து உருட்டினால் பூஸ்டரில் சேமித்த வேக்குவம் இரண்டு மூன்று அழுத்தத்துக்கு மேல் வராது.

பிறகு ஸ்கேனரில் கோடுகளை அழித்து, த்ராட்டில் பாடி அடாப்டேஷனை தொகுதி 060-ல் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பெடலைத் தொடாமல் இக்னிஷனை மட்டும் ஒரு நிமிடம் ஆனில் வைத்து அணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் கேத்தி வரை மெதுவாக, அடுத்து மேட்டில் மூன்றாவது கியரில் பூஸ்டோடு. ஊட்டியில் பூஸ்ட் சமவெளி அளவுக்கு ஏறவில்லை என்று கவலைப்பட வேண்டாம். மெல்லிய காற்றில் டர்போ அளவுக்கு மீறிச் சுழலாமலிருக்க கம்ப்யூட்டரே பூஸ்டைக் குறைக்கிறது. தொகுதி 115-ல் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒட்டிப் போகிறதா என்பதுதான் கேள்வி.

திருத்த எண்கள் உடனே இறங்காது. 50 கிலோமீட்டர் ஏற்ற இறக்கமாக ஓட்டியபின் 032-ஐத் திரும்பப் பாருங்கள். ஐடில் கட்டம் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது கிளிப்புகளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள், மழைக்காலத்தில் சூடான பானட்டுக்குள் எலி தங்கும் ஊர் இது, ஹோஸ்களில் பல் தடம் இருக்கிறதா என்பதையும் கூடவே.